சிறுநீரகம் செயலிழக்கும்போது தோலில் நிகழ்வது என்ன?

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு முதுகிலும் கால்களிலும் தாங்க முடியாத அரிப்பு. தோலைப் பார்த்தால் தடிப்போ கொப்புளமோ படையோ எதுவும் இல்லை. நகம் பட்ட கீறல்கள் மட்டுமே தெரிகின்றன. மருந்துக் கடையில் 'அலர்ஜி மாத்திரை' வாங்கிப் போடுகிறார்; தூக்கம் வருகிறது, அரிப்பு அப்படியே இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் 'ரத்தம் கெட்டுவிட்டது' என்கிறார்கள், அல்லது 'உடம்புச் சூடு' என்கிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நேரில் காணும் டயாலிசிஸ் பிரிவினரிடம் மட்டும் அவர் இதைச் சொல்வதில்லை. தோல் நோய்க்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்பது அவர் எண்ணம்.

தொடர்பு மிக நெருங்கியது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்கு ஏதேனும் ஒரு தோல் மாற்றம் இருக்கும். அவற்றில் பல தோலில் தொடங்குபவை அல்ல. ஆகவே அவற்றை முதலில் அறிய வேண்டியவர் சிறுநீரகத்தைக் கவனித்துவரும் மருத்துவர் என்பதையும், அதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

'உப்பு' என்று சொல்லப்படுவது

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டுமே சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. இந்த வடிகட்டும் வேகத்தைத்தான் பரிசோதனை அறிக்கைகளில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று குறிப்பிடுகிறார்கள். நலமான இளைஞர் ஒருவருக்கு இது நிமிடத்துக்கு 90 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கும். மூன்று மாதங்களுக்கு மேலாக 60க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் அது செயலிழப்பு நிலை. டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இக்கட்டத்தை ஒட்டித்தான் எழுகிறது.

நம் ஊர்களில் 'உப்பு கூடிவிட்டது' என்று சொல்வது யூரியாவையும் கிரியாட்டினினையும் குறித்துத்தான்; சமையல் உப்பை அல்ல. சமையல் உப்பையும் இந்நோயாளிகள் குறைக்க வேண்டும் என்பது உண்மையே, ஆனால் அதைக் குறைத்தால் கிரியாட்டினின் இறங்கிவிடும் என்பது தவறான எதிர்பார்ப்பு. யூரியாவும் கிரியாட்டினினும் அளந்து பார்க்க எளிதான இரண்டு கழிவுகள், அவ்வளவே. இவற்றைத் தவிர, சாதாரணப் பரிசோதனையில் அளக்கப்படாத எத்தனையோ பொருள்கள் ரத்தத்தில் தேங்குகின்றன. அளவில் சற்றுப் பெரிய மூலக்கூறுகளை டயாலிசிஸ் இயந்திரமும் முழுமையாக அகற்றுவதில்லை. 'டயாலிசிஸ் ஒழுங்காகத்தானே நடக்கிறது, பிறகு ஏன் அரிக்கிறது?' என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

பழைய மருத்துவ நூல்களில் 'யூரிமிக் உறைபனி' என்றொரு காட்சி விவரிக்கப்படும். ரத்தத்தில் யூரியா எல்லை மீறிப் போனவரின் வியர்வை உலர்ந்ததும், முகத்திலும் கழுத்திலும் வெண்துகள்கள் உப்புப் பூத்ததுபோல் படியும். டயாலிசிஸ் பரவிய பின் இது மிக அரிதாகிவிட்டது. இன்று எங்கேனும் தென்பட்டால், அந்நோயாளிக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று பொருள்.

தோல் ஏன் பாதிக்கப்படுகிறது?

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. புரிந்துகொள்வதற்காக இப்படிப் பிரிக்கலாம்:

1. வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் சுருங்குகின்றன. தோலின் ஈரத்தைக் காக்கும் படலம் மெலிகிறது.

2. சிறுநீரகம் ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்ற இயக்குநீரைச் சுரக்கிறது. அது குறையும்போது சோகை வருகிறது, தோல் வெளிறுகிறது.

3. பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்குகிறது. வைட்டமின் டி செயல்படும் வடிவத்துக்கு மாறுவது குறைகிறது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்குகின்றன. எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணம் (கால்சியம்) ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் தோலுக்கடியிலும் படிய இதுவே வழி.

4. உடலெங்கும் மெல்லிய அழற்சி நிலை நிலைத்துவிடுகிறது. அதே நேரத்தில் நோய்த்தொற்றை எதிர்க்கும் திறன் குன்றுகிறது.

5. சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவே முதன்மைக் காரணமாக இருப்பதால், நீரிழிவு தனியே உண்டாக்கும் தோல் பாதிப்புகளும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

வறட்சி

டயாலிசிஸ் செய்துகொள்வோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தோல் வறண்டிருக்கும். முழங்காலுக்குக் கீழும் முன்கைகளின் புறப்பகுதியிலும் தோல் சொரசொரப்பாகி, முற்றினால் மீன் செதில்போல் வெடிக்கும். தண்ணீர் குடிக்கும் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்வதால்தான் தோல் வறள்கிறது என்று பலர் நினைத்து, ரகசியமாகக் கூடுதல் தண்ணீர் குடிக்கிறார்கள். அதனால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். தோலின் வறட்சி மாறாது. தோலை வறளச் செய்வது சுரப்பிகளின் சுருக்கமும் மேற்படலத்தின் சிதைவுமே.

அரிப்பு: கவனிக்கப்படாத பெருந்துன்பம்

இக்கோளாறுகளில் நோயாளியின் வாழ்க்கையை அதிகம் சிதைப்பது அரிப்புதான். பல நாடுகளின் டயாலிசிஸ் மையங்களில் 2012 முதல் 2015 வரை திரட்டிய 'டாப்ஸ்' ஆய்வுத் தரவுகளின்படி, ஹீமோடயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சுத்திகரிக்கும் முறை) செய்துகொள்வோரில் 37 விழுக்காட்டினர் நடுத்தரம் முதல் மிகக் கடுமை வரையிலான அரிப்பால் தொல்லைப்பட்டனர். அதே ஆய்வின் வேறு இரண்டு முடிவுகள் இன்னும் கவலைக்குரியவை. எப்போதும் அல்லது ஏறக்குறைய எப்போதும் அரிப்பால் வருந்தியவர்களில் 17 விழுக்காட்டினர் அதை எந்த மருத்துவப் பணியாளரிடமும் சொல்லியிருக்கவில்லை. மையங்களின் தலைமை மருத்துவர்களில் 69 விழுக்காட்டினர், தம் மையத்தில் இத்தொல்லை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். நோயாளி சொல்வதில்லை, மருத்துவர் கேட்பதில்லை. அரிப்பு இரவில் கூடுவதால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெடுவதால் மனச்சோர்வு வருகிறது. கடும் அரிப்பு உள்ளவர்களிடையே இறப்பு விகிதமும் கூடுதலாக இருப்பதை இதே ஆய்வுத் தொடரின் முந்தைய கட்டம் காட்டியது. அதற்குக் காரணத்தின் ஒரு பகுதி தூக்கமின்மையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இவ்வரிப்பின் அடையாளம், தோலில் முதன்மையான புண்ணோ தடிப்போ இல்லாமலிருப்பது. பெரும்பாலும் உடலின் இருபுறமும் சமமாக வரும். சொறிந்ததால் ஏற்பட்ட கீறல்களும் தடித்துக் கறுத்த தோலும் கெட்டியான முடிச்சுகளும் பின்னால் தோன்றுபவை. முதுகின் நடுவே கை எட்டாத இடம் மட்டும் கீறலின்றித் தெளிவாக இருப்பதைக் கண்டு, மற்றவை சொறிந்ததால் வந்தவை என்று அனுபவமுள்ள மருத்துவர் ஊகித்துவிடுவார்.

அலர்ஜி மாத்திரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் விடை உண்டு. கொசுக்கடிக்கும் தடிப்புக்கும் காரணமான ஹிஸ்டமின் என்ற பொருளை மறிப்பதே அம்மாத்திரைகளின் வேலை. சிறுநீரக நோயின் அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு இல்லை. நரம்பு முனைகளின் கோளாறும், அழற்சிப் பொருள்களும், உடலுக்குள்ளேயே சுரக்கும் ஓபியாய்டு என்ற வலி தணிக்கும் பொருள்களுக்கான ஏற்பிகளில் 'மியூ' வகை ஓங்கி 'கப்பா' வகை தாழ்ந்துவிடும் சமநிலைக் குலைவும்தான் இன்று முதன்மையாகப் பேசப்படும் காரணங்கள். மாத்திரை போட்டால் சற்று நிம்மதி கிடைப்பதாகத் தோன்றுவது அது தரும் தூக்கக் கலக்கத்தால்தான்.

சிகிச்சையைப் பெரும்பாலும் படிப்படியாகவே தொடங்குவார்கள்:

1. முதலில் வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு இருந்து, விரலிடுக்குகளில் சிறு பருக்களும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். ஊசி குத்தும் இடத்தைச் சுற்றி மட்டும் சிவந்து அரித்தால் பிளாஸ்திரியோ கிருமிநாசினியோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். கல்லீரல், தைராய்டு, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

2. வறட்சியைப் போக்குவது எளிய செயலாகத் தெரிந்தாலும் பலருக்கு அதுவே பாதித் துன்பத்தைத் தீர்க்கிறது. வெந்நீரை விட்டு, வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் முழுதும் உலருமுன் ஈரப்பதம் காக்கும் களிம்பையோ தேங்காய் எண்ணெயையோ தடவ வேண்டும். கடலைமாவும் நலுங்குமாவும் எண்ணெய்ப் பசையை உறிஞ்சுபவை. கிருமிநாசினி சோப்புகளும் அப்படியே. வறண்ட தோலுக்கு இவை கூடாது.

3. டயாலிசிஸ் போதுமான அளவில் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. செலவாலும் பயணத் தொலைவாலும் நம்மிடையே பலர் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இக்குறையைச் சரி செய்தால் அரிப்பு தணிய வாய்ப்புண்டு. ஆனால் போதிய டயாலிசிஸ் பெறுபவருக்கு அதை மேலும் கூட்டுவதால் அரிப்பு தீரும் என்று உறுதி கூற முடியாது. பாஸ்பரஸ் அளவும் அப்படித்தான்: எலும்புக்காகவும் ரத்தக் குழாய்க்காகவும் அதைக் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும், ஆனால் அளவு சரியாக இருப்பவருக்கும் அரிப்பு வருகிறது.

4. அடுத்த நிலையில் கபாபென்டின் அல்லது பிரீகபாலின். இவை நரம்பு வலி மருந்துகள். இவ்வரிப்பில் நல்ல பயன் தருகின்றன. சிக்கல் அளவில் இருக்கிறது. கபாபென்டின் முழுக்க முழுக்கச் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் நலமாக உள்ளவருக்கு நாளொன்றுக்கு 900 மில்லிகிராமும் அதற்கு மேலும் தரப்படும்போது, டயாலிசிஸ் நோயாளிக்கு டயாலிசிஸ் முடிந்த பின் 100 மில்லிகிராம் என்றே தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டால் தள்ளாட்டம், குழப்பம், கை கால் வெட்டியிழுத்தல், விழுந்து எலும்பு முறிதல் வரை போகலாம்.

5. புற ஊதாக் கதிர்களில் 'பி' வகையைக் கொண்டு தரும் ஒளிச் சிகிச்சைக்கு 1970களிலிருந்தே சான்று உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போய் வர வேண்டியிருப்பது, டயாலிசிஸுக்கே அலைபவர்களுக்குப் பெரும் தடை.

6. ஓபியாய்டு சமநிலையைக் குறிவைக்கும் மருந்துகள் புதியவை. ஜப்பான் 2009இல் நால்ஃபியூராஃபின் என்ற மருந்துக்கும், அமெரிக்கா 2021 ஆகஸ்டில் டயாலிசிஸின் முடிவில் ஊசியாகச் செலுத்தப்படும் டிஃபெலிகெஃபாலினுக்கும் அனுமதி அளித்தன.

மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மாதக்கணக்கில் தடவுவது நம் நாட்டில் சாதாரணமாகிவிட்டது. இவ்வரிப்பை அவை தீர்ப்பதில்லை. ஏற்கனவே மெலிந்த தோலை மேலும் மெலிய வைக்கின்றன. படர்தாமரை இருந்தால் அதை மறைத்து வளர்க்கின்றன.

நிறமும் நகமும்

வெயில் படும் இடங்கள் கறுப்பதற்குக் காரணம், நிறமியைத் தூண்டும் இயக்குநீர் சிறுநீரகம் வழியாக வெளியேறாமல் தேங்குவது. சோகையால் வெளிறல் ஒருபுறம், நிறப்பொருள்கள் படிவதால் சாம்பல் கலந்த மஞ்சள் சாயல் ஒருபுறம் என்று இவை கலந்து, நோயாளியின் முகத்துக்குத் தனியொரு நிறத்தைத் தருகின்றன.

நகத்தில் தெரியும் மாற்றம் இன்னும் தெளிவானது. அடிப்பாதி வெண்மையாகவும், நுனிப்பாதி செம்பழுப்பாகவும், இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போன்ற எல்லையோடும் காணப்படும் 'பாதிப்பாதி நகம்' 1967இல் லிண்ட்சே என்பவரால் விவரிக்கப்பட்டது. வலியில்லை, சிகிச்சையும் தேவையில்லை. டயாலிசிஸால் மாறாத இது, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பின் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

முகம் கறுத்ததற்காகச் சிகப்பழகுக் களிம்பைத் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021க்கும் 2023க்கும் இடையில் சிறுநீரக வடிகட்டிச் சவ்வு தடிக்கும் நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தபோது, 15 பேருக்கு அந்நோயின் 'நெல்-1' என்ற அரிய வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிகப்பழகுக் களிம்பு பயன்படுத்தியவர்கள். அத்தகைய களிம்புகளில் சேர்க்கப்படும் பாதரசம் தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைத் தாக்குகிறது. பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளுக்கும் இதே நோய் வகைக்கும் உள்ள தொடர்பை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகத்தால் கறுத்த தோலுக்கு, சிறுநீரகத்தையே கெடுக்கும் மருந்தைப் பூசும் விபரீதம் இது.

அரிதானவை, ஆனால் ஆபத்தானவை

கால்சிஃபிலாக்சிஸ் இவற்றுள் மிகக் கொடியது. தோலடிக் கொழுப்பிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களில் சுண்ணம் படிந்து அடைத்துக்கொள்ள, அப்பகுதி ரத்தமின்றி மடிகிறது. தொடை, வயிறு, புட்டம் ஆகிய இடங்களில் முதலில் ஊதா நிற வலைப்பின்னல் போன்ற தடம் தோன்றும். தொட்டால் கல்போல் கெட்டியாக இருக்கும். பின் கருகிப் புண்ணாகும். புண்ணின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலியே இதன் முத்திரை. பெண்கள், உடற்பருமன் உள்ளவர்கள், நீரிழிவு நோயாளிகள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறக்கிறார்கள், பெரும்பாலும் புண்ணிலிருந்து பரவும் கிருமித்தொற்றால். வார்ஃபரினை மாற்றுவது, சுண்ணம், பாஸ்பரஸ் அளவுகளைச் சீராக்குவது, சோடியம் தயோசல்ஃபேட் ஊசி, புண் பராமரிப்பு, வலி தணிப்பு ஆகியவை சேர்ந்ததே சிகிச்சை. இதைச் சாதாரணச் சர்க்கரைப் புண் என்று நினைத்து மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்பே.

காரணம் கண்டறியப்பட்டு ஏறக்குறைய ஒழிக்கப்பட்ட ஒரு நோயும் இப்பட்டியலில் இருக்கிறது. 1997 முதல் அமெரிக்காவில் சில சிறுநீரக நோயாளிகளின் கை கால்களில் தோல் மரப்பட்டைபோல் இறுகி, மூட்டுகள் மடங்க முடியாமல் போயின. 2006இல்தான், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் ஏற்றப்படும் கடோலினியம் சாய ஊசியோடு அதற்குள்ள தொடர்பு வெளிப்பட்டது. வெளியேற வழியில்லாத கடோலினியம் தோலில் தங்கி நார்த்திசுவை வளர்த்தது. ஆபத்தான வகைச் சாயங்களைத் தவிர்க்கத் தொடங்கியபின் புதிய நோயாளிகள் மிக அரிதாகிவிட்டனர். இன்று பயன்படும் பாதுகாப்பான வகைகளில் ஆபத்து மிக மிகக் குறைவு. எனினும் ஸ்கேன் மையத்தில் சிறுநீரக நோயைச் சொல்லாமல் சாய ஊசிக்குக் கை நீட்டக் கூடாது.

நடுவில் கெட்டியான முளையோடு கூடிய கொப்புளம் போன்ற முடிச்சுகள் கால்களில் வருவது நீரிழிவும் டயாலிசிஸும் சேர்ந்தவர்களிடம் காணப்படும். வெயில் பட்ட புறங்கையில் நீர்க்கொப்புளம் வருவதும் உண்டு.

யூரிக் அமிலத்துக்குத் தரப்படும் அலோபியூரினால் மாத்திரையைத் தனியே குறிப்பிட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் இதனால் கடும் தோல் எதிர்வினை வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்பும் வாய்ப்புண்ணும் தோன்றினால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

1. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்த இடம்) உள்ள கையில் சிவப்பு, சூடு, சீழ், அல்லது அதன் மேல்தோல் பளபளப்பாக மெலிந்து புண்ணாதல். அவ்விடத்தைச் சொறிந்து தோல் கிழிந்தால் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு ஏற்படக்கூடும்.

2. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் பொருத்திய குழாயைச் சுற்றிச் சிவப்பு, டயாலிசிஸின்போது குளிர் நடுக்கம்.

3. காரணமின்றித் தொடையிலோ வயிற்றிலோ கடும் வலியுடன் ஊதா நிறத் திட்டு.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பின்

வெற்றிகரமான மாற்று அறுவைக்குப் பின் அரிப்பு பெரும்பாலோருக்கு அடங்கிவிடுகிறது. ஆனால் தோலுக்கு வேறு சிக்கல்கள் தொடங்குகின்றன. உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமலிருக்க எடுக்கும் மருந்துகள் எதிர்ப்பாற்றலைத் தணித்து வைப்பதால், ஸ்டீராய்டால் வரும் பருக்களோடு மரு, தேமல், படர்தாமரை ஆகியவையும் பெருகும். வெள்ளைத் தோலுள்ள மக்களிடையே மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்குத் தோல் புற்றுநோய் முதன்மையான கவலை. நம்மிடையே அது குறைவு, தொற்றுகளே மிகுதி.

அவற்றுள் அக்கி குறிப்பிடத்தக்கது. உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும் எழும் இந்நோய், முன்னொரு காலத்தில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்புக்குள் தங்கியிருந்து மீண்டும் கிளம்புவதால் வருவது. கிராமங்களில் இன்றும் காவி கொண்டு 'அக்கி எழுதி' மூன்று நாள் பார்ப்பது வழக்கம். எதிர்ப்பாற்றல் நலமாக உள்ளவருக்கு அது தானே ஆறிவிடுவதால் அவ்வழக்கம் நிலைத்திருக்கிறது. எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு அது உடல் முழுதும் பரவலாம். வைரஸ் எதிர்ப்பு மருந்தின் பயன் கொப்புளம் தோன்றிய முதல் 72 மணி நேரத்தில்தான் மிகுதி. எழுதிக் காத்திருக்கும் மூன்று நாளும் அதே 72 மணி நேரம். அந்த மருந்தான அசைக்ளோவிரும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது; சிறுநீரகத்தின் வேகத்துக்கு ஏற்ப அளவைக் குறைக்காமல் கொடுத்தால் மனக் குழப்பம் வரை கொண்டுபோகும். எனவே அக்கியைப் பார்க்கும் மருத்துவர் யாராயினும், அவரிடம் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் அறிக்கையைக் காட்ட வேண்டும்.